இடது பிடியில் ஒரு கொக்கி

வருகிற குறுவையிலிருந்து நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடப் போவதாக அப்பா சொல்லியிருந்தார். என்னிடம் இல்லை, அம்மாவிடம். அம்மா அதைப் போனில் என்னிடம் சொன்னாள். ரேஷன் கடையில் பாமாயில் வராததற்கும் பெரியம்மா வீட்டு மாடு கன்று போட்டதற்கும் நடுவில், அதுவும் ஒரு ஊர்ச் செய்தி என்பதைப் போல. நான் அப்போது கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். ஏன் என்று கேட்டேன். அவருக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லையாம் என்றாள். டிராக்டர்காரர் வரும்வரை காத்துக் கிடக்க வேண்டியிருக்கிறது, வந்தால் ஒரு காலைப் பொழுதில் ஒன்பது மா நிலத்தையும் கலக்கிவிட்டுப் போய்விடுகிறார், நடவுக்கு மிஷின், அறுப்புக்கு மிஷின், வரப்பில் நிற்பதற்கு எதற்கு ஓர் ஆள் என்று கேட்டாராம். நின்று நின்று கால்தான் வலிக்கிறது என்றாராம்.

எனக்கு எதையும் பாதி கேட்டவுடனேயே முழுதும் புரிந்துவிட்டதாகத் தோன்றும். பள்ளியில் வாத்தியார் கேள்வியை முடிப்பதற்கு முன்பே கை தூக்கி, அதனாலேயே பாதி நாள் தப்பான பதிலைச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கும் அப்படித்தான். பஸ் தாம்பரத்தைத் தாண்டுவதற்குள் நான் முடிவு கட்டிவிட்டேன்: அப்பாவிடம் சொந்தமாக உழுகிற வண்டி இருந்தால் அவர் நிலத்தை விடமாட்டார். அந்த வண்டி எங்களிடம் இருந்தது. அதை ஓட வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அது ஒரு பவர் டில்லர். படுக்கைவாட்டில் ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின், இரண்டு சக்கரம், பின்னால் மாட்டின் கொம்பைப் போல நீண்ட இரண்டு கைப்பிடிகள். பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடக்க வேண்டும். எனக்கு மூன்று வயதாக இருந்தபோது பழையதாக வாங்கியது. அப்போதே அதற்கு என்னைவிட வயது அதிகம். எங்கள் தாத்தா காலம் வரை எங்கள் தெருவில் எல்லோரும் அடுத்தவர் வயலில் இறங்கி வேலை செய்தவர்கள். அப்பா ஒரு மா, இரண்டு மாவாகச் சேர்த்து ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர், ஆக்கினார். அந்த டில்லரை வைத்துத்தான் ஆக்கினார். தன் வயலை உழுது முடித்துவிட்டுச் சுற்றுப்பட்டு வயல்களுக்கெல்லாம் வாடகைக்கு ஓட்டிக்கொண்டு போவார். பிறகு பெரிய டிராக்டர்கள் வந்தன. பிறகு அந்தப் புயல் வந்தது. கொல்லையில் நின்ற தென்னை கொட்டகை மேல் விழுந்தது. கொட்டகை டில்லர் மேல் விழுந்தது. அப்பா ஓலைகளை அகற்றி, தார்ப்பாய் ஒன்றைப் போர்த்திக் கயிறு கட்டினார். அதோடு சரி. கயிற்றை யாரும் அவிழ்க்கவில்லை.

நான் மெக்கானிக்கல் படித்தவள். சென்னைக்கு வெளியே கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். வேலை இதுதான்: ஒரு கையில் வரைபடம், ஒரு கையில் அளவுகோல். படத்தில் இருப்பது பொருளில் இல்லையென்றால் தள்ளு. படத்தில் இல்லாதது பொருளில் இருந்தாலும் தள்ளு. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் தள்ளிக்கொண்டே இருப்பேன். நன்றாகச் செய்கிறேன் என்று பெயரும் உண்டு.

பழைய எஞ்சின் பைத்தியங்களின் வாட்ஸப் குழு ஒன்றில் நான் ஏற்கெனவே இருந்தேன். வாங்கும் ஆளும் இல்லை, விற்கும் ஆளும் இல்லை. பழைய பம்புசெட், பழைய டில்லர், பழைய படகு எஞ்சின் என்று படம் போட்டு, அந்த போல்ட் ஒரிஜினலா இல்லையா என்று சண்டை போடுகிறவர்கள். அதில் இரண்டு பேர் எனக்கு நெருக்கம். ஒருவர் பேராவூரணிக்காரர். தோப்பு வைத்திருந்தவர். புயலில் தென்னை முக்கால்வாசி போய்விட, மீந்த மரங்களுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை போட்டு, ஊரில் யார் தூக்கிப் போட்ட எஞ்சினையும் அங்கே கொண்டுவந்து சேர்த்துக்கொண்டிருந்தார். தென்னை வைத்தால் காய்க்க ஏழெட்டு வருடம், எஞ்சின் வைத்தால் எட்டு மாதத்தில் சத்தம் கேட்கலாம் என்பார். இன்னொருவர் நாகப்பட்டினத்துக்காரர், படகு எஞ்சின் மெக்கானிக். அதிகம் பேசமாட்டார். குழுவில் யாராவது சத்தத்தைப் பதிவு செய்து போட்டால், கேட்டுவிட்டு, கோளாறு எதில் என்று ‘நாசில்’ என்றோ ‘ரிங்’ என்றோ ஒற்றைச் சொல் எழுதுவார். அது சரியாக இருக்கும். இருவரும் என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவார்கள்.

விஷயத்தைச் சொன்னதும் பேராவூரணிக்காரர், வண்டியை என் கொட்டகைக்குக் கொண்டுவந்து விடு, குறுவைக்குள் ஓட வைத்துவிடலாம் என்றார். பிப்ரவரி முடிந்துகொண்டிருந்தது. அப்பாவுக்குச் சொல்லாமல் செய்ய வேண்டும் என்பது என் யோசனை. வயலில் தண்ணீர் கட்டி நிற்கும்போது புது வண்டியாகக் கொண்டுவந்து அவர் முன்னால் நிறுத்த வேண்டும். அந்தக் காட்சியை எத்தனை தடவை மனதில் ஓட்டிப் பார்த்தேன் என்று எனக்கே கணக்கில்லை. அவரிடம், "கொல்லையில கெடக்குறத பழைய இரும்புக்குப் போட்டுடலாம்ப்பா, பாம்பு அடையுது" என்றேன்.

அப்பா சரி என்றார். மினி லாரி வந்த அன்று அவரே போய்க் கயிற்றை அவிழ்த்தார். அவருக்கு இடது கையில் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் கிடையாது. நான் எட்டாவது படிக்கும்போது அந்த டில்லரின் பெல்ட்டில் போனவை. நான் அப்போது தஞ்சாவூரில் ஹாஸ்டலில் இருந்தேன். கையில் சின்ன வெட்டு என்றுதான் எனக்குச் சொல்லப்பட்டது. ஊருக்கு வந்தபோது கட்டுப் பிரித்து ஆறிப்போயிருந்தது. முடிச்சைப் பல்லால் கடித்து, வலது கையால் இழுத்து அவிழ்த்தார். வண்டியை லாரியில் ஏற்ற அவரும் தோள் கொடுத்தார். ஏற்றியதும் தார்ப்பாயை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். லாரி தெருமுனை திரும்புவதைப் பார்க்க அவர் நிற்கவில்லை என்பதை நான் கவனித்தேன். கவனித்துவிட்டு, குறுவைக்கு இவர் எப்படி மலைக்கப் போகிறார் பார் என்று எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு என் சனி, ஞாயிறு எல்லாம் பேராவூரணிக்குப் போயின. காலையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் அவர் வீட்டில் இட்லி, அங்கிருந்து நேராகக் கொட்டகை. பிஸ்டன் சிலிண்டருக்குள் துருவேறி இறுகியிருந்தது. பேராவூரணிக்காரர் தேங்காய் எண்ணெய் ஊற்றி ஊறவைப்போம் என்றார். நாகப்பட்டினத்துக்காரர் அவரை நிமிர்ந்து பார்த்து, "தாளிச்சும் ஊத்திடுவோமாண்ணே?" என்று கேட்டார். அவர் அன்று பேசிய மிக நீண்ட வாக்கியம் அதுதான். டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றினோம். இரண்டு வாரம் ஊறியது. மூன்றாவது வாரம் மரக்கட்டை வைத்து மெல்ல மெல்லத் தட்டினோம். பிஸ்டன் ஒரு நூல் நகர்ந்தபோது நான் போட்ட கூச்சலில் அவர் வீட்டுக் கோழிகள் எல்லாம் தோப்புக்குள் ஓடின.

சிலிண்டருக்குள் லைனர் புதிதாகப் போட வேண்டியிருந்தது. ரிங் படகு எஞ்சினுடையதே பொருந்தும் என்று நாகப்பட்டினத்துக்காரர் கொண்டுவந்தார். பொருந்தியது. நாசில், பெல்ட், தண்ணீர்த் தொட்டியின் அடி ஓட்டைக்கு ஒரு பற்றவைப்பு. நான் எங்கிருந்தோ அந்த மாடலின் பழைய கையேட்டை ஸ்கேன் செய்த படங்களாகப் பிடித்தேன். அச்சுப் போட்டுக் கொட்டகைச் சுவரில் வரிசையாக ஒட்டினேன். அதைப் பார்த்து ஒவ்வொரு உறுப்பாகச் சரிபார்த்தோம். எனக்கு அது தெரிந்த வேலை. கையேட்டில் உள்ள நிறத்தையே பெயிண்ட் கடையில் கலக்கச் சொல்லி வாங்கி வந்தேன். பக்கத் தகட்டில் இருந்த எழுத்தைப் பாதி அழிந்த நிலையிலிருந்து வரைந்து, ஸ்டிக்கராக வெட்டினேன். குழுவில் படம் போட்டால் இதயங்களாக வந்து விழும்.

அப்படிச் சரிபார்த்துக்கொண்டு வரும்போதுதான் இடது கைப்பிடிக்கு வந்தோம்.

டில்லரைத் திருப்புவதற்கு ஸ்டீயரிங் கிடையாது. இரண்டு கைப்பிடிக்கும் அடியில் தலா ஒரு லிவர் இருக்கும், சைக்கிள் பிரேக் மாதிரி. இடப்பக்கத்து லிவரைக் கைப்பிடியோடு சேர்த்துப் பிடித்தால் இடது சக்கரம் மட்டும் விடுபடும், வண்டி இடப்பக்கம் திரும்பும். வலதுக்கு வலது. அந்த இடது லிவரின் முனையில் யாரோ ஒரு சாண் நீளப் பட்டை இரும்பைப் பற்றவைத்திருந்தார்கள். அது வெளிப்பக்கமாக நீண்டு, குடைக் கம்பின் பிடியைப் போல வளைந்து முடிந்தது. வளைவில் சைக்கிள் டியூபைச் சுற்றி, சுற்றி, கம்பியால் கட்டியிருந்தது. அழகற்ற வேலை. வெல்டிங் கட்டி கட்டியாக இருந்தது. கையேட்டில் அப்படி ஒன்று இல்லை.

பேராவூரணிக்காரர் அதைத் தட்டிப் பார்த்தார்.

"சாப்பாட்டுத் தூக்கு மாட்டுறதுக்கு வச்சிருக்காரு தங்கச்சி, ஒங்கப்பா. நல்ல சாப்பாட்டு ராமனா இருப்பாரு போல."

நான் சிரித்தேன். அப்பா உண்மையிலேயே தூக்குவாளி இல்லாமல் வயலுக்குப் போகமாட்டார். அதனால் அது இன்னும் பொருத்தமாகத் தெரிந்தது. குழுவிலும் படத்தைப் போட்டேன். ஆளாளுக்கு விளையாடினார்கள். ரேடியோப் பெட்டி மாட்ட என்றார் ஒருவர், வெற்றிலைப் பைக்கு என்றார் ஒருவர். ஒட்டு வேலை, எடுத்துடுங்க என்று எல்லோரும் சொன்னார்கள். கம்பெனி வைக்காததை நாம் எதற்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்றார் பேராவூரணிக்காரர்.

நாகப்பட்டினத்துக்காரர் மட்டும் அந்த வளைவைக் கையில் பிடித்து மேலே இழுத்துப் பார்த்தார். விட்டார். திரும்ப இழுத்தார்.

"தூக்கு மாட்டணும்னா லிவர்ல ஏன் வைக்கணும்? எதுக்கோ வச்சிருக்காங்க. அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு அறுப்போமே."

"கேட்டா சர்ப்ரைஸ் போயிடும்ணே" என்றேன் நான்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு நாசிலைப் பார்க்கப் போனார். நான் கிரைண்டரை எடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, சாக்கை நனைத்துக் கீழே விரித்து, எல்லாம் முறைப்படி. இரண்டு நிமிடம் கூட ஆகவில்லை. மீந்த வெல்டிங்கையும் தேய்த்து மழித்து, உப்புத்தாள் போட்டு, பிரைமர் அடித்தேன். அங்கே ஏதாவது இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. வேலை அவ்வளவு சுத்தம்.

மே மாதக் கடைசியில் எஞ்சின் ஓடியது. கிராங்கைச் சுற்றிக் கிளப்பியது நாகப்பட்டினத்துக்காரர். முதல் வெடிப்பு, இரண்டாவது வெடிப்பு, கரும்புகை, பிறகு அந்தத் தடதடப்பு. கொட்டகைத் தகரம் முழுக்க அதிர்ந்தது. பேராவூரணிக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓர் ஆட்டம் போட்டார். நான் வண்டியைப் பிடித்துத் தோப்புக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். இடது, வலது, இரண்டு லிவரும் வெண்ணெய் மாதிரி இருந்தன.

அங்கே ஊரில் குத்தகைப் பேச்சு முற்றிக்கொண்டிருந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர் பக்கத்து வயல்காரர். அப்பாவை அண்ணன் என்று கூப்பிடுகிறவர், நல்ல மனிதர், துபாயில் பத்து வருடம் இருந்துவிட்டு வந்து விவசாயத்தில் வெறியாக இறங்கியவர். என் வயலுக்கு நாற்று விட்டாச்சு, வார்த்தை கொடுத்தால் உங்கள் வயலுக்கும் சேர்த்து விட்டுவிடுவேன் என்று நச்சரித்தாராம். அம்மா எனக்காகத் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தாள். மகள் வரட்டும், அவளையும் ஒரு வார்த்தை கேட்போம் என்று சொல்லி வைத்திருந்தாள். என் திட்டத்தில் அம்மாவுக்குப் பாதி தெரியும்: டில்லர் இரும்புக்குப் போகவில்லை, ரிப்பேர் ஆகிறது என்பது வரை. அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஜூன் முதல் சனிக்கிழமை. ஆற்றில் தண்ணீர் இன்னும் வரவில்லை. நான் கேட்டுக்கொண்டபடி, பக்கத்து வயல்காரரின் போர்வெல்லிலிருந்து எங்கள் கீழ் வயலில் மட்டும் அம்மா தண்ணீர் பாய்ச்சி வைத்திருந்தாள். எரு கொட்ட இடம் பார்க்க வேண்டும் என்று ஏதோ சொல்லி அப்பாவைக் கூட்டி வந்தாள். நாங்கள் மூன்று பேரும் லாரியிலிருந்து டில்லரை இறக்கி, வயலின் ஓரத்தில், சேற்றில் புதையாமலிருக்க இரும்புக் கேஜ் வீல் மாட்டி நிறுத்தியிருந்தோம். வெயிலில் பெயிண்ட் பளபளத்தது. வண்டியின் மூக்கில் மாலை கூடப் போட்டிருந்தேன்.

அப்பா தூரத்திலேயே நின்றுவிட்டார். பிறகு வந்தார். தண்ணீர்த் தொட்டியைத் தொட்டார். ஸ்டிக்கரைத் தொட்டார். பின்னால் வந்து இரண்டு கைப்பிடியையும் பார்த்தார். அங்கே கொஞ்ச நேரம் நின்றார். இடது பிடியை உள்ளங்கையால் ஒரு முறை தடவினார். சந்தோஷம் தாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன் வேறு.

"ஓட்டுங்கப்பா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அந்த இருவரையும் பார்த்தார். அவர்கள் கைகட்டிச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். பக்கத்து வயல்காரரும் சத்தம் கேட்டு வரப்பில் வந்து நின்றிருந்தார். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினார்.

நேராகப் போகும்போது அவரைப் பார்க்க வேண்டும். உடம்பு தானாக வண்டியோடு சேர்ந்துகொண்டது. சேறு இரண்டு பக்கமும் புரண்டு விழுந்தது. எங்கிருந்தோ நாலு கொக்குகள் வந்து பின்னாலேயே நடந்தன. முதல் மூலையில் வலப்பக்கம் திரும்பினார். அழகான திருப்பம். பேராவூரணிக்காரர் விசிலடித்தார். இரண்டாவது மூலையிலும் வலது. ஆனால் எங்கள் கீழ் வயல் சதுரமில்லை. வாய்க்கால் போகிற போக்கில் ஓரிடத்தில் இடப்பக்கம் ஒடியும். அந்த ஒடிவுக்கு நேர் எதிரே, வரப்புக்கு அந்தப் பக்கம், பக்கத்து வயல்காரரின் நாற்றங்கால்.

அந்த இடம் வந்தபோது அப்பாவின் இடது கை கைப்பிடிக்கு வெளியே எதையோ தேடியது. வெறும் காற்றில் மணிக்கட்டைத் தூக்கினார். பிறகு லிவரை இரண்டு விரலால் பிடிக்கப் பார்த்தார். அந்த ஸ்பிரிங்குக்கு இரண்டு விரல் போதாது. வலது கையை எடுத்து இடப்பக்கம் கொண்டுபோனார். வலது கை விட்டதும் வண்டி அந்தப் பக்கம் சாய்ந்து, நேராக வரப்பின் மேல் ஏறி, அதை உடைத்துக்கொண்டு நாற்றங்காலுக்குள் இறங்கியது. அப்பா விடவில்லை. மார்பால் கைப்பிடி மேல் விழுந்து, மெயின் கிளட்சை இழுத்து நிறுத்தினார். அதற்குள் பாய் விரித்த மாதிரி இருந்த பச்சையில் இரண்டு கேஜ் வீல் தடம், பத்தடி நீளத்துக்கு. உடைந்த வரப்பின் வழியாக எங்கள் வயல் தண்ணீர் அதற்குள் பாய ஆரம்பித்தது.

பக்கத்து வயல்காரர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் ஓடிவந்து முதலில் அப்பாவுக்கு அடிபட்டதா என்று பார்த்தார். பிறகு குனிந்து வரப்பைச் சேற்றால் அடைத்தார்.

"விடுங்கண்ணே. நாத்துதானே. வேற எங்கயாச்சும் வாங்கிக்கலாம்."

அப்பா இடுப்பு வரை சேறு அப்பிய உடம்போடு நின்றார். முகத்தில் சேறு தெறித்திருந்தது. என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார்.

"பழக்கம் விட்டுப்போச்சு பாப்பா. வண்டில ஒண்ணும் கொறையில்ல."

வண்டியை நாகப்பட்டினத்துக்காரர்தான் வெளியே ஓட்டி வந்தார். வீட்டு வாசல் வரை கொண்டுவந்து நிறுத்திவிட்டு அதன் பக்கத்திலேயே நின்றார். எதையோ கண்டுபிடித்துவிட்ட முகம். இடது லிவரை ஒரு முறை அழுத்திப் பார்த்தார். அம்மா சாப்பிடச் சொன்னதற்கும் நேரமாகிவிட்டது என்று இருவரும் கிளம்பிவிட்டார்கள்.

அம்மா சமையலறையில் ஐந்து பேருக்கு வைத்த குழம்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் உள்ளே போனதும் கேட்டாள்.

"அந்தக் கொக்கி எங்கடி?"

எந்தக் கொக்கி என்று கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அது ஒரு வினாடி. வாழ்க்கையில் முதல் முறையாக, பாதி கேட்டதிலேயே எனக்கு முழுதும் சரியாகப் புரிந்தது.

விரல்கள் போன பிறகு நாலு மாதம் அப்பா வண்டியைத் தொடவில்லையாம். பிறகு ஒருநாள் வெல்டிங் பட்டறைக்குப் போய், தானே சாக்பீஸால் தரையில் வரைந்து காட்டி, அந்தக் கொக்கியை வைத்துக்கொண்டு வந்தாராம். மணிக்கட்டை அதில் மாட்டி மேலே இழுத்தால் கிளட்ச் விடுபடும். விரலே வேண்டாம். முதலில் வெறும் இரும்பு அறுத்துப் புண்ணாகியதாம். டியூப் சுற்றியது அம்மாதான். அந்தக் கொக்கியோடுதான் எட்டு வருடம் உழுதார். என் இன்ஜினியரிங் முழுக்க அந்த எட்டு வருடத்துக்குள் வருகிறது. எனக்கு லீவு விடுவது ஏப்ரல், மே. டெல்டாவில் அப்போது உழவே கிடையாது. பொங்கலுக்கு வந்தால் பயிர் முற்றி நிற்கும். அவர் அப்படி ஓட்டியதை நான் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை.

"பாத்தவொடனே தெரிஞ்சிருக்குமே அவருக்கு" என்றேன்.

"தெரியாம? ஆனா நீ போனைப் புடிச்சுக்கிட்டு நிக்கிற. கூட வந்தவங்க நிக்கிறாங்க. ஒன் மூஞ்சியப் பாத்துட்டு எறங்கிட்டாரு."

இரும்புக்குப் போடுகிறேன் என்று நான் ஏற்றிக்கொண்டு போன அன்றைக்கு அவர் மத்தியானம் சாப்பிடவில்லை என்பதையும் அப்போதுதான் சொன்னாள்.

நான் கொல்லைக்குப் போய் நாகப்பட்டினத்துக்காரருக்குப் போன் செய்தேன். அவர் பஸ்ஸில் இருந்தார். நான் அழுததால் முதலில் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு, பேராவூரணிக்காரரிடம் கேட்டாயிற்று, அறுத்த துண்டு இரண்டு வாரத்துக்கு முன்பே மற்றத் துருப்பிடித்த துண்டுகளோடு பழைய இரும்புக்குப் போய்விட்டது என்றார். நான் கேட்பதற்கு முன்பே கேட்டிருக்கிறார். வேறு செய்யலாம், படம் இருக்கிறதல்லவா, ஆனால் வளைவு படத்தை வைத்துச் செய்யக்கூடாது, அவர் மணிக்கட்டு அளவு வேண்டும் என்றார். அன்று சாயங்காலம் அப்பா சட்டை போட்டுக்கொண்டு, நாற்றுக்கு ஏதாவது வழி செய்ய வேண்டும் என்று பக்கத்து வயல்காரர் வீட்டுக்குப் போனார். போய்விட்டுச் சீக்கிரமே திரும்பி வந்தார். நான் எதையும் கேட்கவில்லை. எனக்கு அளவெடுக்கும் நினைப்பு.

மறுநாள் காலையில் அம்மாவின் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு போய், இடது கையைக் கொடுங்கள் என்றேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன பாப்பா, காப்பு போடப் போறியா?"

நான் டேப்பை விரித்தேன். அவர் கையை நீட்டிவிட்டுப் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டைச் சுற்றி அளந்தேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அளந்தேன். மணிக்கட்டின் உள்பக்கத்தில் குறுக்காக, வழவழவென்று, தோல் தடித்து ஒரு பட்டை இருந்தது. எத்தனையோ தடவை பிடித்து நடந்த கை. அது எதனால் என்று ஒருபோதும் கேட்டதில்லை.

கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு நாகப்பட்டினம் போனேன். அவர் பட்டறையில், படகு எஞ்சின்களுக்கு நடுவில், பட்டை இரும்பைக் காய்ச்சி வளைத்துக் கொடுத்தார். மூன்று முறை குளிரவைத்து, அளவு பார்த்து, மறுபடி காய்ச்சினார். நடுவில் ஒரே ஒரு முறைதான் பேசினார். அன்னைக்கு நான் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கணும் தங்கச்சி, என்றார். சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்கமாட்டேன் என்றேன். அது உண்மை. அவர் இரும்பைத் திரும்ப நெருப்பில் வைத்தார். செவ்வாய்க்கிழமை அவரே எங்கள் ஊருக்கு வெல்டிங் மிஷினோடு வந்து அதைப் பற்றவைத்தார். டியூபை நான் சுற்றினேன். அம்மா பார்த்துவிட்டு, அப்படி இல்லை என்று பிரித்துத் தானே சுற்றினாள்.

நாகப்பட்டினத்துக்காரர் போன பிறகு அப்பாவைக் கூப்பிட்டேன். எஞ்சின் ஓடவில்லை, வாசலில் வண்டி சும்மா நின்றது. அப்பா பின்னால் வந்து நின்று, இடது மணிக்கட்டைக் கொக்கியில் கொடுத்தார். மேலே இழுத்தார். உள்ளே கிளட்ச் விடுபடும் ‘டக்’ கேட்டது.

"அளவு சரியா இருக்கு" என்றார்.

"நாளைக்கு ஓட்டுறீங்களாப்பா? மேல் வயல்ல தண்ணி கட்டச் சொல்லட்டுமா?"

"எதுலம்மா ஓட்டுறது? சனிக்கெழம சாயங்காலமே வார்த்தை குடுத்துட்டேன். பாவம், நாத்தும் போச்சு. கேட்டுக்கிட்டே இருந்த மனுசன். இனிமே அவருதான் பாத்துக்கணும்."

வேண்டாம் என்று சொல்லிவிடலாம், நான் போய்ப் பேசுகிறேன் என்றேன். எழுதிக் கொடுக்கவில்லையே, வாய்வார்த்தைதானே என்றேன். இன்னும் என்னென்னவோ, வேகவேகமாக. ஒன்பது மாவில் கீழ் வயலையாவது வைத்துக்கொள்ளலாம் என்றுகூடச் சொன்னேன். அப்பா நான் முடிக்கும்வரை காத்திருந்தார்.

"நம்ம வயலுக்கும் சேத்து அவரு விதை வாங்கிட்டாரு பாப்பா" என்றார்.

அதற்குப் பிறகும் அப்பா கையைக் கொக்கியிலிருந்து எடுக்கவில்லை. இன்னொரு முறை மேலே இழுத்தார், விட்டார். இழுத்தார், விட்டார்.